சைமியிடம் இருந்த காப்பி

சைமி ஹவுத்தலா காப்பி ஊற்றும்போது கோப்பையைப் பார்க்க மாட்டாள். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றுவாள். விளிம்புக்கு ஒரு விரல் கீழே சத்தம் மாறும். அப்போது கை தானாக நிமிர்ந்துவிடும். ஒரு சொட்டு தட்டில் விழுந்து நான் பார்த்ததில்லை. எங்கள் கிவிமாக்கியில் இதைத் திறமை என்று யாரும் சொன்னதில்லை. "அவ எதுக்கு மூஞ்சியப் பாக்குறா?" என்றுதான் கேட்டார்கள்.

அவளுக்குப் பேச்சும் குறைவு. ஆண்கள் பேசாமல் இருந்தால் களைப்பு என்று விட்டுவிடுவோம். பெண் பேசாமல் இருந்தால் எதையோ மறைக்கிறாள் என்பதுதான் எங்கள் ஊர்க் கணக்கு.

சின்ன வயதில் பின்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்து, சுரங்கத் தொழிலாளர் விடுதியில் சமையலுக்கு நின்றவள். அங்கே சாப்பிட வந்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவர்மேல் சுரங்கத்தில் பாறை சரிந்தது. பிறகு செம்பு விலை விழுந்து சுரங்கம் மூடியதும், மற்றவர்களைப்போல அவளும் காட்டை வெட்டி, கல் பொறுக்கி, உருளைக்கிழங்கு போட்டாள். இரண்டு பசு, ஒரே மகன் ஒன்னி. சண்டை வந்து அவனும் பட்டாளத்துக்குப் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது ஒரு சாவி. தேவாலயத்துக்குக் கீழே இருந்த அடுப்படியின் சாவி. கல்யாணமோ சாவோ, ஊருக்கே அங்கேதான் காப்பி கொதிக்கும். சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவள் சொல்லாமல் போதகர்கூட ஜெபத்தை முடிக்க மாட்டார். சைமிக்கு ஊரில் மரியாதை என்று இருந்தது அந்தச் சாவிதான். வேறு எதற்கும் அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

சாராயம் இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணம் நடந்திருக்கிறது. மாப்பிள்ளை இல்லாமல்கூட ஒருமுறை நடக்க இருந்தது. காப்பி இல்லாமல் எதுவும் நடந்ததில்லை. அதிலும் சாவுக் காப்பி வேறு விஷயம். புதைத்துவிட்டு வந்து எல்லோரும் உட்கார்ந்து குடித்து முடித்தால்தான் ஒருவர் செத்தவர். அதுவரை அவர் வெளியூர் போனவர் மாதிரிதான்.

அதனால் சர்க்கரைக்கு ரேஷன் வந்தபோது முணுமுணுத்த ஊர், டயருக்கு வந்தபோது குதிரையை வண்டியில் பூட்டிக்கொண்ட ஊர், காப்பிக்கு ரேஷன் என்றதும் வாயடைத்துப்போனது. லெம்பி பெல்கோனனுக்கு மட்டும் அடைக்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. தேவாலயத்துத் தையல் கூட்டத்துக்குத் தலைவி. கடையிலேயே உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆளுக்கு அஞ்சு வாரத்துக்கு ஒரு பவுண்டா? எங்க வீட்டு ஆளுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு நாளைக்கே பத்தாதே!"

"நான் என்னம்மா பண்றது? வாஷிங்டன்ல போய்க் கேளுங்க" என்றார் கடைக்காரர்.

"கேப்பேன். பஸ்ஸுக்குப் பெட்ரோல் நீ குடு."

அந்த வாரமே தையல் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தோம். ஒவ்வொரு ரேஷனிலும் வீட்டுக்கு ஒரு கரண்டிக் காப்பித்தூள் ஊருக்காக எடுத்து வைப்பது என்று. எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "என்னைக்காவது வேண்டியிருக்கும்" என்றாள் லெம்பி. எல்லோரும் தையலைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். பையன் பட்டாளத்தில் இருந்தால் வீட்டு ஜன்னலில் நீல நட்சத்திரம் தைத்த துணியைத் தொங்கவிட வேண்டும். அது இல்லாத வீடு எங்கள் சாலையில் அதிகமில்லை. லெம்பியின் வில்யோ, என் தம்பி சுலோ, சைமியின் ஒன்னி, இன்னும் எத்தனையோ பேர். கெட்டதை வாயால் சொன்னால் நடந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். அப்படி நம்புவது பாவம் என்பார் போதகர். அவரும் சொல்ல மாட்டார்.

பன்றிக்கொழுப்பு வந்த பெரிய தகர டப்பா ஒன்று சைமியிடம் போனது. மூடி இறுக்கமானது. நாங்கள் தூளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போவோம். அவள் வாங்கிக்கொண்டு, தலையை அசைத்து, கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே எவ்வளவு சேர்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அப்போது யாரும் கேட்கவும் இல்லை.

பனி முழங்காலுக்கு மேல் கிடந்த நாளில் யால்மரி கங்காஸ் செத்த செய்தி வந்தது. நியூ கினித் தீவில் ஏதோ சதுப்பில். உடலை அங்கேயே புதைத்துவிட்டார்கள். அவன் அம்மா ஹில்யா ஜன்னல் துணியிலிருந்த நீல நட்சத்திரத்தின்மேல் தங்க நிற நட்சத்திரத்தைத் தானே தைத்தாள். இந்தச் சண்டையில் கிவிமாக்கியின் முதல் தங்க நட்சத்திரம் அதுதான்.

நினைவுக் கூட்டத்தன்று மேலே பாட்டும் ஜெபமும் முடிந்து எல்லோரும் கீழே இறங்கினோம். மேசைமேல் யால்மரியின் படம். ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டி, சர்க்கரை குறைந்த கேக். சைமி பெரிய கெட்டிலோடு வந்து முதலில் ஹில்யாவுக்கு ஊற்றினாள். பிறகு வரிசையாக. லெம்பி என் பக்கத்தில் இருந்தாள். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, காப்பியைத் தட்டில் ஊற்றி உறிஞ்சினாள். அப்படியே நிறுத்தினாள்.

"ஐலி, இதுல என்னமோ இருக்குடி."

"சூடா இருக்கு அக்கா. குடிங்க."

"சூட்டச் சொல்லல. ரை. ரொட்டிக்கு அரைக்கிற அந்த ரைத் தானியத்த வறுத்துப் பொடி பண்ணிக் கலந்திருக்கா. என்னைய ஏமாத்த முடியாது. பத்து வயசு வரைக்கும் காப்பின்னு சொல்லி எங்கம்மா இதத்தான் குடுத்தா."

நான் மறுபடி உறிஞ்சிப் பார்த்தேன். ஆமாம், அடியில் ஒரு கருகின ரொட்டி வாசனை. எதிரே ஹில்யா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகன் படத்தைப் பார்த்தபடி குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஊரே கரண்டி கரண்டியாக் குடுத்திருக்கு. அத்தனையும் எங்க போச்சு?" என்றாள் லெம்பி. மெல்லச் சொன்னதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அடுத்த மேசை திரும்பிப் பார்த்தது.

அன்று தொடங்கியது. மரம் வெட்டுகிறவர்களின் முகாமில் சமையல்காரனிடம் விற்கிறாள் என்று ஒரு பேச்சு. டவுனில் அவள் தங்கை இருக்கிறாளே, அவளுக்குப் போகிறது என்று இன்னொரு பேச்சு. வேறு யாருக்கும் இல்லை, தனியாக உட்கார்ந்து அவளே குடிக்கிறாள் என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஈஸ்ட் கடன் கேட்கிற சாக்கில் ஒருத்தி போனாள். பசு கன்று போட்டுவிட்டதா என்று விசாரிக்க ஒருத்தி போனாள். எல்லோரும் போனது மூக்கை உள்ளே நீட்டத்தான். சைமி எல்லோரையும் உட்காரவைத்து ஒரு கோப்பை கொடுத்தாள். வெறும் ரை.

"பாத்தியா! நமக்கு ரை. நல்லத ஒளிச்சு வச்சிருக்கா" என்றாள் லெம்பி.

ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு சைமி வீட்டுக்குப் பின்னால் போனாள். அடுப்படிக் கழிவைக் கொட்டுகிற இடத்தில் பனிமேல் கருப்பாகக் கிடந்த சக்கையைக் குச்சியால் கிளறினாள். குனிந்து முகர்ந்தாள்.

"இதுவும் ரைதான்."

"அப்ப அவளும் ரைதான அக்கா குடிக்கிறா?"

"அட மண்டு. நாம வந்து கிளறுவோம்னு தெரிஞ்சே கொட்டியிருக்கா."

எனக்கு அது சரியாகவே பட்டது. ஒருத்தர்மேல் சந்தேகம் வந்த பிறகு அவர் செய்கிற எதுவும் அந்தச் சந்தேகத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. அவள் சாலையில் வேகமாக நடந்தால் ஏதோ கொண்டுபோகிறாள். மெதுவாக நடந்தால் நம்மை வேவு பார்க்கிறாள். கடையில் அவள் என்ன வாங்கினாள் என்று அடுத்து வருகிறவள் கேட்டாள். கடைக்காரரும் சொன்னார்.

ஹில்யா மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஏமாந்தவள் அவள்தான், அவள் பையன் காப்பியில்தான் கலப்படம். யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவாள். துக்கத்தில் நாக்கு செத்துவிட்டது என்றார்கள் சிலர். அவளுக்கும் பங்கு போகிறதோ என்று ஒருத்தி சொன்னாள். அப்படிச் சொன்னவளை மற்றவர்கள் அதட்டினார்கள். ஆனாலும் சொன்னது சொன்னதுதான், அதுவும் ஊருக்குள் சுற்றியது.

பனி உருகிச் சாலை சேறான சமயத்தில், ஒரு வியாழக்கிழமைத் தையல் கூட்டத்தில், லெம்பி எழுந்து நின்றாள். நாங்கள் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்தோம். சைமி வாசலுக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் இருந்தாள்.

"சைமி, நேராவே கேக்குறேன். யால்மரி காப்பியில ரை கலந்தியா?"

"கலந்தேன்."

இல்லை என்பாள், நாங்கள் சக்கையைப் பற்றிச் சொல்லலாம் என்று காத்திருந்தோம்.

"டப்பா காலியாயிடுச்சா?"

"இல்ல."

"அப்ப மிச்சம் இருக்கு."

"இருக்கு."

"செத்துப்போன பையனுக்குன்னு ஊர் குடுத்தது. அவனுக்குத் தண்ணியக் காட்டிட்டு, மிச்சத்த யாருக்குடி வச்சிருக்க?"

சைமி நிமிர்ந்தாள். பெஞ்சு வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். லெம்பியை, என்னை, என் அம்மாவை, அதற்கு அடுத்தவளை. கெட்டில் இல்லாமலே காப்பி ஊற்றுகிற பார்வை. பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என் பையனுக்கு. ஒன்னிக்கு."

துணி சுருட்டுகிற கைகள் எல்லாம் நின்றன. பெற்றவள் வாயால் இப்படி ஒரு வார்த்தையை நாங்கள் யாரும் கேட்டதில்லை. பின்வரிசையில் ஒருத்தி, "ஐயோ, என்ன வாய்டி இது" என்று காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் லெம்பி விடவில்லை.

"ஓ! ஹில்யா பையனுக்கு ரை. உன் பையனுக்குன்னா கெட்டிக் காப்பியா? கேட்டீங்களா எல்லாரும்? அவ வாயாலயே சொல்லிட்டா!"

ஹில்யா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் போகவில்லை. மறுபடி நாக்கில் நனைத்துக் கோத்தாள்.

அதற்குமேல் பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. சைமி எழுந்து இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். "டப்பா வீட்டுல இருக்கு, வந்து எடுத்துக்கோ" என்று லெம்பியிடம் சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். அவள் போனதும் கூட்டம் ஒரேயடியாகப் பேச ஆரம்பித்தது. இனி ஊர்க் காரியத்துக்கு அவளைக் கூப்பிடுவதில்லை என்று முடிவாயிற்று.

மறுநாள் நானும் லெம்பியும் கைவண்டியோடு போனோம். சைமி டப்பாவை வாசற்படியில் தயாராக வைத்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது. லெம்பி டப்பாவைத் தூக்கிக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினாள்.

"தூள் சத்தமே வரலையே. மண்ணக் கிண்ண அடைச்சிருக்காளா?"

வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். தன் அடுப்படிக்குள் போனதும் கதவைத் தாழ் போட்டாள். மூடியைக் கத்தியால் நெம்பினாள். முதலில் வாசனை வந்தது. அசல் காப்பி வாசனை, எத்தனையோ நாளாக நாங்கள் முகராதது. எட்டிப் பார்த்தோம்.

உள்ளே சின்னச் சின்னத் துணிப்பைகள். மாவு மூட்டைத் துணியில் தைத்தவை, கைப்பிடி அளவு. ஒவ்வொன்றின் வாயும் நூலால் கட்டியிருந்தது. லெம்பி ஒன்றை அவிழ்த்து முகர்ந்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"சுத்தக் காப்பி. ஒரு மணி ரை இல்ல." அவள் குரலில் ஏமாற்றம் தெரிந்தது. உடனே சுதாரித்துக்கொண்டாள். "பின்ன எதுக்குப் பை பையாக் கட்டணும்? விக்கிறதுக்குத்தான். மரம் வெட்டுறவனுங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. நான் சொன்னேனா இல்லையா?"

பைகளை மேசைமேல் பரப்பினாள். ஒவ்வொன்றையும் கையில் வைத்து எடை பார்த்தாள். எல்லாம் ஒரே அளவு. நான் சும்மா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு நீல நட்சத்திரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த வீட்டில் ஒன்று. நான் மேசையைப் பார்த்தேன், மறுபடி சாலையைப் பார்த்தேன். வாய் தானாக எண்ண ஆரம்பித்தது.

"என்னடி முணுமுணுக்கிற?"

"ஒண்ணுமில்ல அக்கா."

"மூஞ்சி வெளுத்துப்போச்சு, ஒண்ணுமில்லங்கிற?"

"ஜன்னல்ல இருக்கிற நட்சத்திரத்த எண்ணினேன்."

லெம்பி பையைக் கீழே வைத்தாள். மெல்ல உட்கார்ந்தாள். பிறகு அவளும் எண்ண ஆரம்பித்தாள், சாலையின் மேல்கோடியிலிருந்து, வீடு வீடாக, பெயர் பெயராக. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பையை ஒரு பக்கமாகத் தள்ளினாள். தன் வீடு வந்தபோது பெயரைச் சொல்லாமல் தள்ளினாள். சுலோவின் முறை வந்தபோது என்னைப் பார்க்கவில்லை. கடைசியில் பை தீர்ந்துவிட்டது. பெயர் ஒன்று மிஞ்சியது.

"ஒண்ணு குறையுது!" என்று துள்ளி எழுந்தாள். "பாத்தியா? ஒண்ண அமுக்கிட்டா!"

மறுபடி எண்ணினோம். மறுபடியும் ஒன்று குறைந்தது. லெம்பியின் விரல் மேசைமேல் நின்றது.

"சைமி வீட்ட சேத்தியா?"

"சேத்தேன் அக்கா."

"அத விட்டுட்டு எண்ணு."

எண்ண வேண்டியிருக்கவில்லை. ஒன்னியை விட்டால் பைக்கணக்கு நேராக இருந்தது. அடுப்பில் விறகு சரிந்தது. லெம்பி எழுந்து, ரொட்டி மூடுகிற துண்டை எடுத்துப் பைகளின்மேல் போட்டு மூடினாள்.

"என் பையனுக்குக் கட்டி வச்சிருக்கா" என்றாள். "உசுரோட இருக்கிறவனுக்கு. போன வாரம்தான் காலுக்கு உறை அனுப்புன்னு எழுதியிருந்தான். என்ன நெஞ்சழுத்தம் பாரு அவளுக்கு!" சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே கோட்டை மாட்டினாள். "ஹில்யாவுக்குத் தெரியணும். அவ பிள்ளை காப்பியத் தண்ணியாக்கித்தான் நம்ம பிள்ளைங்களுக்குச் சேத்திருக்கா. வா."

ஹில்யா தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தாள். லெம்பி ஆரம்பிப்பதற்குள் அவளே கேட்டாள்.

"டப்பாவத் தொறந்துட்டியா?"

"உனக்குத் தெரியுமா?"

"செய்தி வந்த மறுநாளே சைமி இங்க வந்தா. இதே முக்காலியிலதான் உக்காந்தா. 'இருக்கிறத எல்லாம் போட்டா யால்மரிக்கு நல்லாக் கெட்டியா வரும். அதுக்கப்புறம் வர்றவங்களுக்கு ஒண்ணும் இருக்காது. கொஞ்சம் ரை கலக்கட்டுமா'ன்னு கேட்டா. கலன்னு சொன்னேன்."

"அப்ப கூட்டத்துல ஏன் வாயத் தொறக்கல? கல்லு மாதிரி உக்காந்திருந்தியே!"

ஹில்யாவின் கை நிற்கவில்லை. பால் வாளியில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

"என்னன்னு சொல்லச் சொல்ற, லெம்பி? உன் மூஞ்சியப் பாத்து, 'உன் வில்யோவோட பங்கு பத்திரமா இருக்கு, கவலப்படாத'ன்னு சொல்லணுமா?"

லெம்பி கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"இந்த ஊர்ல அவ இதப் பேசக்கூடிய அம்மா நான் ஒருத்திதான்" என்றாள் ஹில்யா. "எனக்கு இனிமே பயப்பட ஒண்ணுமில்ல. மத்தவங்ககிட்ட அவ எப்படிச் சொல்லுவா? அதான் தன் பிள்ளை பேர எடுத்து முன்னால போட்டா. அன்னைக்கு எனக்கு ஊசியில நூல் போகல."

திரும்பும்போது சேற்றில் லெம்பியின் பூட்ஸ் ஒன்று மாட்டிக்கொண்டது. ஒரு காலைத் தூக்கியபடி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத வெளிய சொன்னா ஊர்ல ஒரு பொம்பள தூங்க மாட்டா" என்றாள். "உங்கம்மாகிட்டக்கூட மூச்சு விடக் கூடாது. கேக்குதா?"

"அப்ப சைமி?"

லெம்பி குனிந்து பூட்ஸைப் பிடுங்கினாள்.

அடுத்த வியாழக்கிழமை கூட்டத்துக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். சைமி இல்லை. டப்பா மூடியோடு மேசைமேல் இருந்தது. பக்கத்தில் சாவி.

"எவ்வளவு குறையுது? அதச் சொல்லு மொதல்ல" என்றாள் ஒருத்தி.

"ஒரு கரண்டி குறையல" என்றாள் லெம்பி. "அத்தனையும் அப்படியே இருக்கு. நான் பாத்தேன், ஐலியும் பாத்தா."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தலையை ஆட்டினேன்.

"அப்ப அந்த ரை?"

லெம்பி தொண்டையைச் செருமினாள். "ரை போட்டது நான்."

பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அன்னைக்குக் காலையில அடுப்படிக்கு உதவிக்குப் போனேன். அவ விறகெடுக்க வெளிய போனா. நான்தான் தூளக் குறைச்சு ரையக் கலந்தேன். மிச்சம் பிடிக்கலாம்னு. எனக்குக் கை வராது, உங்களுக்குத் தெரியாதா?"

"நீதான மொதல்ல ரை ரைன்னு கத்தின?"

"நான் முந்திக்கிட்டா என்மேல யாருக்கும் சந்தேகம் வராதுன்னுதான்."

"சைமி ஏன் 'நான் கலந்தேன்'னா?"

"என்னையக் காட்டிக் குடுக்கல. பேச்ச முடிக்கத்தான் ஒன்னி பேரையும் சொன்னா. வேற என்ன?"

நம்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு சுலபமாக நம்பினார்கள்! காப்பிக்கொட்டையை எண்ணிப் போடுகிறவள், விருந்தாளி இரண்டாவது கோப்பை கேட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவள் என்று லெம்பியைப் பற்றி ஏற்கெனவே ஊரில் பேச்சு உண்டு. "அதானே பாத்தேன்!" என்றாள் ஒருத்தி. "எனக்கு அப்பவே தோணுச்சு" என்றாள் இன்னொருத்தி. பின்வரிசையிலிருந்து, "பாவம், அந்த வாயில்லாப் பூச்சியப் போட்டு நசுக்கினியே! வெக்கமா இல்ல உனக்கு?" என்று ஒரு குரல் வந்தது. லெம்பி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள். கன்னம் சிவந்திருந்தது. சண்டைக்குப் போகாமல் அவள் நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாவி சைமிக்கே என்று முடிவாயிற்று. கூட்டத்துக்கு வேறு தலைவி பார்க்க வேண்டும் என்றும் முடிவாயிற்று.

ஹில்யா மட்டும் போகும்போது லெம்பியின் கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

டப்பாவையும் சாவியையும் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் சைமி வீட்டுக்குப் போனோம். செய்தி எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. இந்தத் தடவை கதவு திறந்திருந்தது.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்றாள் சைமி.

"நீ ஒன்னி பேரச் சொல்லலையா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. லெம்பி சாவியை மேசைமேல் வைத்தாள். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மேசை விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் சைமி. எல்லாருக்கும் கட்டியிருக்க. ஒன்னிக்கு ஏன் கட்டல?"

"துணி தீந்துபோச்சு" என்றாள் சைமி.

அவளுக்குப் பின்னால் அலமாரியில் மாவு மூட்டைத் துணிகள் வெளுத்து மடித்து அடுக்கியிருந்தன. நானும் பார்த்தேன், லெம்பியும் பார்த்தாள். இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

சைமி அடுப்பில் தண்ணீர் வைத்தாள். டப்பாவின் மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவி, ஒரு பையை எடுத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கொதிக்கிற தண்ணீரில் அப்படியே கவிழ்த்தாள்.

லெம்பி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "என்னடி பண்ற? ஊரோடது அது!"

"தெரியும்."

"ஒரு கரண்டி குறையலன்னு இப்பத்தான் அத்தனை பேர் முன்னால சொல்லிட்டு வரேன்!"

"இப்பக் குறைஞ்சிருச்சு."

"யாரோடது அது?"

பைகளில் பெயர் எதுவும் இல்லை. எல்லாம் ஒரே துணி, ஒரே நூல். சைமி காலிப் பையை உதறி, நீவி, லெம்பியின் முன்னால் வைத்தாள்.

"வில்யோவோடது. அவனுக்கு இது வேண்டாம்."

லெம்பி அந்தத் துணியைத் தொடவில்லை, தள்ளவும் இல்லை. சுலோவுடையது எது என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. காப்பி பொங்கி மேலே வந்தது. சைமி கெட்டிலைத் தூக்கி இறக்கினாள். வீடு முழுக்க அந்த வாசனை. ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. வெளியே சேற்றில் யாரோ நடந்து வந்து, எங்கள் நேருக்கு வந்ததும் நின்றது கேட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது.

லெம்பி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். திரையையும் இழுத்துவிட்டாள். வந்து உட்கார்ந்து தட்டை முன்னால் நகர்த்தினாள்.

"சீக்கிரம் ஊத்துடி" என்றாள். "எவளாவது ஈஸ்ட் கேக்க வந்துடப் போறா."